புல் தரையில் இறங்கும் டகோட்டா

தாத்தா காலத்துத் தராசை எடைக்குப் போடாமல் கடை மூலையில் வைத்திருக்கும் வியாபாரிகள் நம்மில் பலர் உண்டு. முத்திரை கிடையாது, அதில் நிறுத்துக் கொடுக்கவும் முடியாது. ஆனாலும் பழைய இரும்புக்காரரிடம் தூக்கிக் கொடுக்க மனம் வருவதில்லை. யாராவது ஒருவர் அதே தராசைத் துடைத்து, எண்ணெய் போட்டு, புதிதாக முத்திரையும் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை தோறும் அதில் சரக்கு நிறுத்துக் கொடுத்துக் காசு பார்க்கிறேன் என்று சொன்னால் நாம் என்ன நினைப்போம்? ஆசைக்காரர் என்று நினைப்போம். ‘எடை சரியாக இருக்குமா?’ என்றும் நினைப்போம். இரண்டும் நியாயமான நினைப்புகளே.

ஐரோப்பாவில் சிலர் விமானத்தை வைத்துக்கொண்டு இதைத்தான் செய்து வந்திருக்கிறார்கள். எண்பது வருஷம், தொண்ணூறு வருஷம் பழைய பயணிகள் விமானங்கள். அவை இறங்குகிற இடமும் பழையது. தார் இல்லை, சிமெண்ட் இல்லை, வெறும் புல் தரை. ஏறுகிறவர்களோ காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவர்கள். இந்தத் தொழில் எப்படி நடந்தது, எங்கே இடறியது என்பதில் கடை வைத்திருக்கும் நமக்குப் பார்க்க வேண்டிய கணக்கு நிறைய இருக்கிறது.

ஜெர்மனியின் தென்மேற்கில் கிர்ஹைம் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஹான்வைடே என்றொரு விமானத் திடல். மற்ற நாட்களில் என்ஜின் இல்லாத சறுக்கு விமானங்கள் ஓட்டிப் பழகும் இடம். பழைய விமானங்களின் கூடுகை நடக்கும் செப்டம்பர் நாட்களில் அது நம் ஊர்த் திருவிழாத் திடல் போல் ஆகிவிடும். அந்தக் கூட்டத்தின் தலைக்கு மேலே யுங்கர்ஸ் 52 வந்ததுண்டு. மூக்கில் ஒன்று, இறக்கைக்கு ஒன்றாக மூன்று என்ஜின். உடம்பு முழுக்க நம் கிட்டங்கிக் கூரைத் தகரம் போல வரிவரியான அலுமினியக் கலவைத் தகடு. 1932இல் பறக்கத் தொடங்கிய வகை. பதினேழு பேர் உட்காரலாம். மெதுவாகத்தான் போகும். இன்றைய ஜெட் விமானத்தோடு ஒப்பிட்டால் ரயில் பக்கத்தில் மாட்டுவண்டி. ஆனால் அது பெரிய ரப்பர் சக்கரங்களைப் புல்லில் ஊன்றி, வாலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, குதித்துக் குதித்து ஓடி நின்றபோது, வேடிக்கை பார்த்தவர் அத்தனை பேரும் அதில் ஒரு முறை ஏறினால் என்ன என்று நினைத்தார்கள். அந்த நினைப்புதான் இந்தத் தொழிலின் முதல்.

புல் தரை ஏன் என்று கேட்கலாம். அந்தக் காலத்தில் அதுதான் விமான நிலையம். 1920, 30களின் விமானங்கள் எடை குறைந்தவை, மெதுவானவை, குறுக்குக் காற்று அடித்தால் தடுமாறுகிறவை. நீளமான ஒற்றைப் பாதையைவிட, எந்தப் பக்கம் காற்று வந்தாலும் அந்தப் பக்கம் முகம் காட்டி இறங்கக்கூடிய அகலமான மைதானமே அவற்றுக்கு வசதி. லண்டன் நகரத்தின் பிரதான நிலையமாக இருந்த கிராய்டனே புல் மைதானம்தான். 1929 மார்ச் 30ஆம் தேதி கராச்சிக்கு முதல் விமானத் தபால் சேவை கிளம்பியது அங்கிருந்துதான். 1959இல் மூடுகிற வரை பெரிய ஓடுபாதை அங்கே போடப்படவே இல்லை.

அந்தத் தபால் கராச்சியோடு நின்றுவிடாமல் நம் பக்கம் வந்த கதையும் இதே ரகம். 1932 அக்டோபர் 15ஆம் தேதி ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து ஒற்றை என்ஜின் விமானத்தில் தபால் பைகளோடு கிளம்பினார். வழியில் ஆமதாபாத்தில் பெட்ரோல் போட்டார்கள். பர்மா ஷெல் கம்பெனியின் நாலு காலன் டின்களில் மாட்டுவண்டியில் வந்து இறங்கிய பெட்ரோல் அது. பம்பாயில் இறங்கிய இடம் ஜுஹூ கடற்கரையை ஒட்டிய சேற்று நிலம். மழைக்காலத்தில் அங்கே இறங்க முடியாது என்பதால் கடையைப் பூனாவுக்கு மாற்றிவிடுவார்கள். பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாக மதராசுக்குத் தபாலைக் கொண்டுவந்து சேர்த்தவர் நெவில் வின்சென்ட். மழைக்குத் தக்கபடி இடம் மாற்றிக்கொண்டு, மாட்டுவண்டியில் எரிபொருள் வாங்கி, ஆனால் தபாலை மட்டும் நேரத்துக்குக் கொடுத்த சேவை. சந்தைக்குச் சந்தை கடை போட்டு முன்னுக்கு வந்த நம் வியாபாரிகளுக்கு இது புதிதாகத் தோன்றாது.

பயணிக் கட்டணத்தில் கண்ட லாபம்

இந்தத் தொழிலில் முதன்முதலாகச் சரியான லாபக் கணக்கைப் போட்ட விமானம் டி.சி.-3. அமெரிக்காவில் டக்ளஸ் கம்பெனி செய்தது. 1935 டிசம்பர் 17ஆம் தேதி முதலில் பறந்தது. இதன் ராணுவச் சரக்கு வடிவத்துக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் டகோட்டா. நம் நாட்டிலும் அந்தப் பெயரே நிலைத்தது.

அதற்கு முன்பு அமெரிக்க விமானக் கம்பெனிகள் அரசாங்கம் கொடுத்த தபால் காசில்தான் உயிர் வைத்திருந்தன. பயணிகளை ஏற்றியது மேல்வரும்படி மாதிரி. முந்தைய டி.சி.-2 விமானத்தில் பதினான்கு இருக்கை. டி.சி.-3இன் உடம்பைக் கொஞ்சம் அகலமாக்கி, வரிசைக்கு மூன்று வீதம் ஏழு வரிசை, இருபத்தொரு இருக்கை போட்டார்கள். இருக்கை பாதிப் பங்கு கூடியது. பறக்கிற செலவு அந்த அளவுக்குக் கூடவில்லை. ஆட்களை மட்டும் ஏற்றியே லாபம் காண முடிந்த முதல் விமானம் இதுதான் என்று அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தலைவர் சி.ஆர். ஸ்மித் சொன்னதாகச் சொல்வார்கள். கடையை இடித்துக் கட்டாமல், அலமாரியை மாற்றி வைத்தே சரக்கு கூடுதலாக அடுக்குகிற வித்தை அது.

பிறகு யுத்தம் வந்தது. பத்தாயிரத்துக்கு மேல் செய்து தள்ளினார்கள். யுத்தம் முடிந்ததும் அத்தனையும் உபரிச் சரக்கு, அடிமாட்டு விலை. உலகம் முழுக்கப் புதிது புதிதாக விமானக் கம்பெனிகள் முளைத்ததற்கு இந்த மலிவு விலையே காரணம். நம் நாட்டிலும் அப்படி முளைத்தவை பல. 1949 ஜனவரி 30ஆம் தேதி தொடங்கிய இரவுத் தபால் சேவையில் டில்லி, பம்பாய், கல்கத்தா, மதராஸ் என்று நாலு திசையிலிருந்தும் கிளம்பிய விமானங்கள் நள்ளிரவில் நாகபுரியில் சந்தித்துத் தபாலை மாற்றிக்கொண்டு விடிவதற்குள் ஊர் திரும்பின. 1953இல் எட்டுத் தனியார் கம்பெனிகளைச் சேர்த்து இந்தியன் ஏர்லைன்ஸ் ஆக்கியபோது கைக்கு வந்த 99 விமானங்களில் 74 டகோட்டா.

மாவும் உப்பும் பறந்த வருஷம்

மளிகை வியாபாரிகள் டகோட்டாவை மறக்கக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. 1948 ஜூனில் ரஷ்யர்கள் மேற்கு பெர்லினுக்குப் போகும் சாலை, ரயில், கால்வாய் அனைத்தையும் அடைத்துவிட்டார்கள். உள்ளே இருபது லட்சத்துக்கு மேல் ஜனம். வழி ஆகாயம் ஒன்றுதான். அமெரிக்கரும் ஆங்கிலேயரும் உட்கார்ந்து ஒரு நாள் மளிகைப் பட்டியல் போட்டார்கள். அதைப் படித்தால் நம் கடைச் சிட்டை மாதிரியே இருக்கும். மாவும் கோதுமையும் 646 டன். மற்றத் தானிய வகை 125. கொழுப்பு 64. இறைச்சியும் மீனும் 109. உலர்த்திய உருளைக்கிழங்கு 180. சர்க்கரை 180. உலர்ந்த காய்கறி 144. உப்பு 38. பால் பவுடர் 19. பாலாடைக்கட்டி 10. காப்பி 11. குழந்தைகளுக்குப் பால் 5. ரொட்டிக்கு ஈஸ்ட் 3. ஆக மொத்தம் ஒரு நாளைக்கு 1,534 டன், சாப்பாட்டுக்கு மட்டும். நிலக்கரி தனி, அது இதைவிட இரண்டு மடங்குக்கு மேல்.

பட்டியலில் ஒரு சூட்சுமம் பாருங்கள். ரொட்டியாகக் கொண்டுபோகவில்லை, மாவாகக் கொண்டுபோனார்கள். ரொட்டியில் தண்ணீர் கனம் சேர்ந்துவிடும். உருளைக்கிழங்கும் உலர்த்தியதே. தண்ணீரை ஆகாயத்தில் சுமப்பது நஷ்டம். உப்பு மட்டும் தனித் தலைவலியாக இருந்தது; மூட்டையிலிருந்து சிந்தி விமானத்தின் அடித் தகட்டை அரித்துவிடும். அதனால் கடல் நீரைத் தாங்கும்படி பூச்சுப் பூசிய சண்டர்லாந்து நீர் விமானங்களில் ஏற்றி, பெர்லின் பக்கத்து ஹாவல் ஏரியில் கொண்டுபோய் இறக்கினார்கள். உப்பு மூட்டை அடுக்கிய கிட்டங்கியில் தராசுச் சங்கிலி என்ன ஆகும் என்று தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

முதல் மாதங்களில் இந்தச் சுமையைத் தூக்கியவை பெரும்பாலும் டகோட்டாக்கள். இறங்கிய இடங்களில் முக்கியமானது டெம்பல்ஹோஃப். யுத்தத்துக்கு முன் வட்டமான பெரிய புல் மைதானமாக இருந்த பெர்லினின் பழைய விமான நிலையம். அமெரிக்கர்கள் அதன் மேல் துளையிட்ட இரும்புத் தகடுகளைப் பரப்பி ஓடுபாதை ஆக்கியிருந்தார்கள். டகோட்டாவால் ஒரு நடைக்கு மூன்றரை டன்தான் முடியும். வாலில் சக்கரம் இருப்பதால் நிற்கும்போது தரை சரிவாக இருக்கும். மூட்டையை மேட்டில் ஏற்றுவது போல் ஏற்ற வேண்டும். அதன் மூன்றரை டன்னை ஏற்றி இறக்குகிற நேரத்தில் நாலு என்ஜின் பெரிய விமானத்தின் பத்து டன் முடிந்துவிட்டது. 1948இலேயே அமெரிக்கர்கள் தங்கள் டகோட்டாக்களை அந்த வேலையிலிருந்து விலக்கிவிட்டார்கள். விமானத்தில் குறை இல்லை. சுமை ஆட்களின் நேரக் கணக்கில் அது தோற்றது. லாரி வாடகை பேசும்போது கூலியையும் நேரத்தையும் சேர்த்துப் பார்க்காதவர் எந்த மண்டியிலும் தேற மாட்டார்.

டிக்கெட்டும் செலவும்

இனி இன்றைய தொழிலுக்கு வருவோம். டகோட்டாவின் இரண்டு என்ஜினும் சேர்ந்து மணிக்குச் சுமார் 350 லிட்டர் பெட்ரோல் குடிக்கும். அரை மணி நேரச் சுற்றுக்கு 175 லிட்டர். இருபது டிக்கெட் விற்றால் தலைக்கு ஒன்பது லிட்டருக்கும் குறைவு. அட, இவ்வளவுதானா என்று தோன்றும். இந்த இடத்தில்தான் பலரும் ஏமாந்திருக்கிறார்கள். பெட்ரோல் கண்ணுக்குத் தெரிகிற செலவு. தெரியாதது பராமரிப்பு.

இந்த என்ஜின்களில் சிலிண்டர்கள் பூ இதழ் மாதிரி வட்டமாக அமைந்திருக்கும். நின்றுகொண்டிருக்கும்போது எண்ணெய் கசிந்து அடிச் சிலிண்டர்களில் தேங்கிவிடும். அப்படியே ஸ்டார்ட் செய்தால் உள்ளே உடைந்துவிடும். ஆகவே ஒவ்வொரு நாளும் கிளம்புவதற்கு முன் ஆட்கள் நின்று விசிறியைக் கையால் ஒவ்வொரு இதழாகத் தள்ளிச் சுற்ற வேண்டும். இவ்வளவு மணி நேரம் ஓடினால் என்ஜினை முழுக்கப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று விதி உண்டு. பாகம் தேய்ந்தால் கடையில் வாங்க முடியாது. செய்த கம்பெனிகள் அந்த வேலையை விட்டுப் பல காலம் ஆயிற்று. எங்கோ ஒரு கொட்டகையில் கிடக்கும் பழைய என்ஜினைத் தேடி வாங்கிப் பிரிக்க வேண்டும், இல்லையென்றால் புதிதாகக் கடைந்தெடுக்க வேண்டும். பெட்ரோலும் சாதாரணப் பெட்ரோல் இல்லை. ஈயம் கலந்தது, அந்த ஈயக் கலவைக்கே 2025 மே முதல் தனி அனுமதி வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் விதி செய்துவிட்டது.

மழை பெய்தால் புல் தரை நொதநொதத்துப் போகும். பதினோரு டன் விமானத்தின் சக்கரம் புதைந்துவிடும். கூட்டம் வந்து நிற்கும், விமானம் வராது; டிக்கெட் காசைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வருஷத்தில் பறக்கிற மாதங்கள் ஆறு, ஏழுதான். செலவுக்கு லீவு கிடையாது.

அப்புறம் எப்படி நடந்தது? சம்பளம் வாங்காத ஆட்களால். வேலையில் இருந்து ஓய்வு பெற்ற பைலட்டுகள், மெக்கானிக்குகள், சந்தா கட்டும் சங்க உறுப்பினர்கள். இங்கிலாந்தில் டக்ஸ்ஃபோர்டு பழைய விமானத் திடலில் மரமும் துணியும் கொண்டு செய்த டிராகன் ராபிடே என்ற சின்ன விமானத்தில் எட்டு எட்டுப் பேராக ஏற்றிப் பல ஆண்டுகளாகச் சுற்றிக் காட்டுகிறார்கள். 1934இல் வந்த வகை. இந்தத் தொழிலில் அது பெட்டிக்கடை. செலவும் சிறிது, ஆசையும் சிறிது. பெரிய விமானம் வைத்திருந்தவர்களுக்கே பாரம் ஏறியது.

டெக்ஸல்

நெதர்லாந்தின் வடக்கே டெக்ஸல் என்ற தீவு. ஆடு வளர்ப்பும் விடுமுறைக்காரர் வருகையும் பிழைப்பு. அங்கே 1937இல் உண்டான சிறிய புல் விமானத் திடல். 1982இல் தொடங்கிய டச்சு டகோட்டா சங்கம் தன் விமானங்களில் ஆட்களை ஏற்றி இப்படிப்பட்ட இடங்களுக்கெல்லாம் உல்லாசப் பயணம் நடத்திவந்தது. 1996 செப்டம்பர் 25ஆம் தேதி வடக்கு ஹாலந்து மாகாண அரசின் ஊழியர்கள் ஒரு நாள் சுற்றுலாவாக டெக்ஸல் வந்தார்கள். திரும்பும் வழியில், தீவை விட்டு எழும்பிய சில நிமிஷங்களில் இடது என்ஜின் நின்றுவிட்டது.

ஒரு என்ஜின் நின்றாலும் டகோட்டா பறக்கும். ஆனால் நின்றுபோன என்ஜினின் விசிறி இதழ்களைக் காற்றுக்கு விளிம்பு காட்டும்படி திருப்பிவிட வேண்டும். திருப்பாவிட்டால் ஒரு பெரிய பலகையை இறக்கையில் கட்டி இழுப்பது போல் ஆகிவிடும். அன்று அந்த இதழ்கள் முழுவதும் திரும்பவில்லை. வேகம் குறைந்து, விமானம் கட்டுப்பாட்டை இழந்து, ஆழம் குறைந்த வாடன் கடலில் விழுந்தது. ஆறு சிப்பந்திகள், இருபத்தாறு பயணிகள். முப்பத்திரண்டு பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

அலுவலகத்தில் கூடப் பணிபுரிகிறவர்களோடு ஒரு நாள் வெளியே போய்வருவோம் என்று கிளம்பியவர்கள் அவர்கள். நம் சங்கத்தில் வேன் பிடித்துக் குற்றாலம் போவது போல. அந்த டச்சுச் சங்கம் கடையை மூடவில்லை. மிச்சமிருந்த இன்னொரு டகோட்டாவைக் கொண்டு சில காலம் கழித்து மறுபடி பறந்தது, டிக்கெட்டும் விற்றது. வாங்கினவர்களும் இருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் வந்தபோது

2008 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய விமான விதிகள் அமலுக்கு வந்தன. பயணிகளை ஏற்றும் விமானம் என்றால் வானிலை ராடார், ஆபத்தில் சறுக்கி இறங்கும் காற்றுப் பாய் என்று பல உபகரணங்கள் வேண்டும். இங்கிலாந்தில் கவன்ட்ரி நகரிலிருந்து டகோட்டாவில் பயணிகளை ஏற்றிக்கொண்டிருந்த ஏர் அட்லாண்டிக் கம்பெனி கணக்குப் போட்டுப் பார்த்தது. கட்டுபடியாகாது என்று பயணிகளை ஏற்றுவதையே நிறுத்திவிட்டது. நிற்கும்போது வாசல் தரையிலிருந்து ஆள் உயரம்கூட இருக்காது. அதில் காற்றுப் பாய் எதற்கு என்று அங்கே பலர் சிரித்தார்கள், கோபப்பட்டார்கள்.

இந்தக் கோபம் நமக்கு நன்றாகப் புரியும். ஆயிரம் கோடி வியாபாரத்துக்கும் ஆறடிக் கடைக்கும் ஒரே பாரம், ஒரே படிவம், ஒரே அபராதம் என்று போட்டால் சின்னவன்தான் சாவான். பெரியவன் அதற்கென்று ஆள் வைத்துக்கொள்வான். இதை எழுதுகிறவனும் அந்தக் கட்சியே. ஆனால் அடுத்து வரும் கதையைப் படித்த பிறகு, இன்ஸ்பெக்டர் வராத கடையைப் பற்றியும் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

சுவிட்சர்லாந்து விமானப்படை 1939இல் மூன்று யுங்கர்ஸ் 52 விமானங்களை வாங்கியது. 1981 வரை ஓட்டியது. அப்புறம் பழைய இரும்புக்குப் போக வேண்டியவற்றை ஆர்வலர்கள் வாங்கி, யு-ஏர் என்ற பெயரில் ட்யூபன்டார்ஃப் விமான தளத்திலிருந்து சுற்றுலாப் பயணிகளை ஏற்றினார்கள். முப்பத்தைந்து வருஷம் நடந்தது. நாடு முழுக்க நல்ல பெயர். கல்யாண நாளுக்கும் பிறந்த நாளுக்கும் அந்த டிக்கெட்டைப் பரிசாகக் கொடுப்பார்கள். பைலட்டுகள் விமானப்படையில் பெயர் வாங்கியவர்கள். இதற்கு மேல் என்ன நாணயம் வேண்டும்?

2018 ஆகஸ்ட் 4ஆம் தேதி. லொகார்னோவில் தங்கி மலைப் பக்கத்தைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பும் பதினேழு பயணிகள், மூன்று சிப்பந்திகள். ஆல்ப்ஸ் மலையில் பீஸ் செக்னாஸ் சிகரத்தை ஒட்டிய குறுகிய பள்ளத்தாக்கில் தாழப் பறந்தபோது காற்றுச் சுழலில் சிக்கி, விமானம் ஏறக்குறைய நெட்டுக்குத்தாக விழுந்தது. இருபது பேரும் மாண்டார்கள்.

விசாரணை இரண்டரை வருஷம் நடந்து 2021 ஜனவரியில் அறிக்கை வந்தது. பைலட்டுகள் ஆபத்தான முறையில் ஓட்டினார்கள். திரும்ப இடம் இல்லாத பள்ளத்தாக்கில் தேவையான உயரம் இல்லாமல் நுழைந்தார்கள். விமானத்தின் எடை மையம் அனுமதித்த எல்லைக்குப் பின்னால் இருந்தது. சுமையைக் கணக்கிட்ட முறையிலேயே பிழை. இதெல்லாம் ஒரு நாள் நடந்த தவறு என்றால் மனசு ஆறும். முந்தைய மாதங்களின் ராடார் பதிவுகளை எடுத்துப் பார்த்தபோது, விதியை மீறித் தாழப் பறப்பது அந்தக் கம்பெனியில் ஒரு பழக்கமாகவே இருந்தது தெரிந்தது. உடைந்த விமானத்தைச் சோதித்ததில் உள்ளே அரிப்பும் விரிசலும். விழுந்ததற்கு அது நேர்க் காரணம் இல்லை என்றாலும், பார்த்திருக்க வேண்டியவர்கள் பார்க்கவில்லை. மேற்பார்வை செய்ய வேண்டிய அரசு அலுவலகமும் போதிய அளவு செய்யவில்லை என்று அதே அறிக்கை சொன்னது.

நல்ல பெயர்தான் அங்கே கண்ணை மறைத்தது என்று இதை எழுதுகிறவனுக்குத் தோன்றுகிறது. தெரிந்த கடை, பெரிய மனிதர்கள், முப்பத்தைந்து வருஷம்; எடைக்கல்லை யார் திருப்பிப் பார்ப்பார்கள்? மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல் வாங்குவது பழகிய மண்டியில்தான். 2019 மார்ச்சில் அந்த விமானங்களில் காசுக்கு ஆள் ஏற்றுவதற்குச் சுவிஸ் அரசு தடை போட்டது. யு-ஏர் கடை அத்துடன் மூடியது.

போன திடல்கள், வந்த விமானம்

விமானங்களைவிட வேகமாக மறைந்துகொண்டிருப்பவை அவை இறங்கிய புல் திடல்கள். ஊர் வளர்கிறது, நிலம் விலை ஏறுகிறது. இங்கிலாந்தில் பான்ஷாங்கர் என்ற பழைய புல் திடல் 2014இல் வீட்டு மனைக்காக மூடப்பட்டது. இப்படிப் போனவை இன்னும் உண்டு. வாரக் கடைசியில் நாலு விமானம் இறங்குகிற புல்லைவிட மனை விற்பது லாபம் என்பதை எந்த வியாபாரியும் மறுக்க மாட்டார்.

ஆனாலும் கவன்ட்ரியிலிருந்து ஒரு நல்ல செய்தியும் வந்தது. இரும்பு விலைக்குப் போக இருந்த ஒரு டகோட்டாவை, அப்போது நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த ராஜீவ் சந்திரசேகர் வாங்கிச் சீர்செய்து இந்திய விமானப்படைக்குப் பரிசாகக் கொடுத்தார். அவர் தந்தை விமானப்படையில் டகோட்டா ஓட்டியவர். 2018 ஏப்ரல் 17ஆம் தேதி கவன்ட்ரியில் கிளம்பி, நாடு நாடாகத் தங்கி 25ஆம் தேதி ஜாம்நகர் வந்து சேர்ந்தது. பரசுராமா என்று பெயர். வாலில் வி.பி.905 என்ற எண். 1947 அக்டோபர் 27ஆம் தேதி சீக்கியப் படையினரை ஏற்றிக்கொண்டு ஸ்ரீநகரில் இறங்கிய டகோட்டாவின் எண் அது. அன்று ஸ்ரீநகரில் இருந்தது மகாராஜாவின் சிறிய விமானத்துக்கான கரடுமுரடான மண் தரை. ஜெட் விமானம் எதுவும் அங்கே சக்கரம் வைத்திருக்க முடியாது.

முன்னே சொன்ன டெம்பல்ஹோஃப் 2008 அக்டோபர் 30ஆம் தேதி மூடப்பட்டது. அன்று நள்ளிரவுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கடைசியாக இரண்டு விமானங்கள் இரண்டு ஓடுபாதைகளில் பக்கத்தில் பக்கத்தில் ஓடி எழும்பின. ஒன்று பெர்லினில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டிருந்த டகோட்டா. மற்றொன்று லுஃப்தான்சா கம்பெனி வைத்திருந்த, 1936இல் செய்த யுங்கர்ஸ் 52. அந்த டகோட்டா 2010 ஜூன் 19ஆம் தேதி பெர்லினை அடுத்த ஷோனஃபெல்டில் எழும்பியதும் என்ஜின் கோளாறால் கீழே இறங்கி நொறுங்கியது. சிலருக்குக் காயம், உயிர்ச் சேதம் இல்லை. யுங்கர்ஸுக்குக் கொடுத்துவந்த பணத்தை லுஃப்தான்சா 2019இல் நிறுத்தியது. இறக்கைகளைக் கழற்றி ஏற்றிப்போன அந்த விமானம் பாடர்போர்ன் விமான நிலையத்தில் காட்சிக்கு நிற்கிறது. டெம்பல்ஹோஃபில் வீடு கட்டலாமா என்று 2014இல் பெர்லின் ஜனங்களிடம் ஓட்டு எடுத்தார்கள். கூடாது என்று ஜெயித்தது. இப்போது ஓடுபாதைகளில் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள். இரு பக்கமும் மறுபடி புல்.